இதர வகை!

கொய்னா மாத்திரையை ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் மலேரியா ஜுரத்துக்குக் கொடுப்பார்களே... நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும். அந்தப் பெயர், தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் பேசும் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. 'கினா' என்றால் மரப்பட்டை. அந்த சிங்கோனா மரம், க்ளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860-ல் நடத்திய பயணத்தின் பலனாக நம்ம நீலகிரிக்கு வந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேர்பிடித்தது. நீங்கள் சாப்பிடும் போண்டாவுக்குள் இருக்கும் உருளைக்கிழங்குக்கும் பூர்வீகம் ஆண்டிஸ்தான்!

மரம் வந்தது, கிழங்கு வந்தது. அந்த மொழி என்ன ஆச்சு? பெரு நாடு 1975-லேயே கெச்சுவாவை ஆட்சிமொழியாக்கியது. 2017 கணக்கெடுப்பில் சுமார் 37 லட்சம் பேர் அதுதான் தாய்மொழி என்றார்கள். ஆனாலும், மலை கிராமங்களிலிருந்து தலைநகர் லிமாவுக்குப் பிழைக்க வந்த பலர், 'மலைக்காரன்' என்ற கேலிக்குப் பயந்து பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் மட்டுமே பேசி வளர்த்தார்கள்.

ஏதோ தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்காதீர்கள். எங்கள் ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் இருப்பதால், மாடி போர்ஷன்களில் வெளியூர்ப் பிள்ளைகள் குடியிருப்பார்கள். பக்கத்து மாடியில் ஒரு கோத்தகிரி பையன். ராத்திரியானால் அம்மாவிடம் போனில் படுகு மொழியில் கலகலவென்று பேசுவான். நண்பர்கள் படியேறும் சத்தம் கேட்டால் போதும்... டக்கென்று தமிழுக்குத் தாவிவிடுவான். "ஏம்ப்பா?" என்றேன். "கிண்டல் பண்றாங்க அங்கிள். இதெல்லாம் ஒரு பாஷையாடாங்கறாங்க..."

நான் பி.காம். படித்தவன். எந்தத் தலைப்பிலும் அடங்காத செலவை 'இதர வகை' என்று ஒரே வரியில் எழுதி முடிப்போம். நம் மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். 2011-ல் படுகு பேசியவர்கள் சுமார் 1.33 லட்சம் பேர். அவர்கள் கன்னடத்தின் கீழ் ஒரு வரி. பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிக்கு அந்த வரிகூடக் கிடையாது; 'மற்றவை'தான். நீலகிரி தோடர்களின் மொழி அதில் அடக்கம். 1930-களில் அங்கே வந்து அந்த மொழியைப் படித்த எமனோ என்ற அறிஞர், தோடர் பாடல்களை மட்டுமே தனிப் பெரும் புத்தகமாக 1971-ல் வெளியிட்டார். அத்தனை பாட்டு வைத்திருக்கும் மொழி, கணக்கில் 'மற்றவை'!

கணக்கை அரசாங்கம் திருத்தட்டும். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு பெருவே சாட்சி. கேலியை நிறுத்த வேண்டியது நீங்களும் நானும்தான். டெல்லியில் நம் தமிழைக் கேட்டு எவனாவது 'அண்டு குண்டு' என்று சிரித்தால் நமக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வருகிறது!

அடுத்த முறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் புரியாத பேச்சு கேட்டால், "உங்க பாஷையில சோத்துக்கு என்ன பேருங்க?" என்று கேட்டுப் பாருங்களேன். காசா, பணமா?