மூடியே கிடக்கும் மதகு

மியூனிக், ஜனவரி. பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பல் தந்தியடிக்கிறது. பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை அசையாமல் தூங்குகிறது. கம்பளி பாதிக் காரணம்தான்.

*

பிறந்த குழந்தைக்குச் சரியாக நடுங்கவே வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்புதான் அதன் கணப்புச் சட்டி. அந்த நிறம், செல்லுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களால் வருவது.

*

மேட்டூர் அணையை நினைத்துக்கொண்டால் புரியும். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளிப்புறம் புரோட்டான்கள் தேங்குகின்றன, அணைத் தண்ணீர் மாதிரி. மற்ற செல்களில் அது பெரும்பாலும் மின்நிலையம் வழியாக இறங்கும், கிடைப்பது ஏ.டி.பி., செல்லின் மின்சாரம். பழுப்புக் கொழுப்பில் கூடுதலாக, மேட்டூரின் 16 கண் மதகு மாதிரி ஒன்று: யு.சி.பி.1 என்ற புரதம். அதில் இறங்கினால் மின்சாரம் கிடையாது, வெறும் சூடு. அணை இறங்க இறங்க, அதை நிரப்பச் செல் இன்னும் வேகமாகக் கொழுப்பை எரிக்கும்.

*

அந்த மதகைத் தனியே பிரித்தெடுத்தது இதே ஊரில்தான். 1980இல், மியூனிக் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிளிங்கன்பெர்க்கும் அவருடன் வேலைபார்த்த லின்னும், வெள்ளெலிக் கொழுப்பிலிருந்து எடுத்தார்கள். 1985இல் அமினோ அமில வரிசை தெரிந்தபோது, கிளிங்கன்பெர்க் பல வருடமாக ஆராய்ந்துவந்த ஏ.டி.பி. கடத்திப் புரதத்துக்கு இது பங்காளி என்று புரிந்தது.

*

எனக்குப் பிடித்தது அதன் பூட்டு. மதகு இயல்பில் மூடியே கிடக்கும். ஏ.டி.பி., ஜி.டி.பி. போன்ற நியூக்ளியோடைடுகள் வழியை அடைத்து உட்கார்ந்திருக்கும். செல்லுக்குள் அவற்றுக்குப் பஞ்சமில்லை. தோலில் குளிர் பட்டதும் மூளை உசுப்ப, பரிவு நரம்புகள் நாரட்ரினலினைக் கொட்டுகின்றன. சேமித்த கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்கள் வெளிவருகின்றன. அவைதான் அடைப்பை மீறி மதகைத் திறப்பவை. எரிகிற விறகே திறவுகோலும். குளிர் விட்டால் விறகு வரத்து நிற்கும், மதகு தானாக மூடும். தனியாகக் காவல்காரன் வேண்டியதில்லை.

கொழுப்பமிலம் புரோட்டானைக் கைகொடுத்துக் கடத்துகிறதா, பூட்டை மட்டும் திறந்துவிடுகிறதா? இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

மதகு திறப்பதும் மூடுவதும் நிமிடக் கணக்கு. குளிர் வாரக்கணக்கில் நீடித்தால் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும், மதகுகளும் கூடும். தைராய்டு ஹார்மோனின் தயவும் வேண்டும்.

*

பக்கத்து ஊர் ஃப்ரைசிங். பியருக்குப் பேர்போன அங்கே, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கிளிங்கன்ஸ்போர் குழு. (இரண்டு மார்ட்டின், இரண்டு கிளிங்கன். ஏற்கனவே ஒருமுறை மாற்றி எழுதி அடித்தாயிற்று.) சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் பழுப்புக் கொழுப்பைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு மூளையிடம் ‘போதும்’ என்கிறது என்று 2018இல் எலிகளில் காட்டினார்கள். குளிரே வேண்டாம், சோறு போதும்!

*

வளர்ந்தவர்களிடமும் இந்தக் கொழுப்பு வேலை செய்வது 2009இல்தான் உறுதியானது. ஆனால் கொஞ்சமே இருக்கிறது. இதைச் சொல்லி எடை குறைக்க மாத்திரை விற்பவனை நம்பக் கூடாது.

*

பன்றிக்கு இந்த மதகே இல்லை. அதன் யு.சி.பி.1 மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உடைந்துபோனது. அதனால்தான் பண்ணைகளில் குட்டி ஈன்ற கொட்டிலில் சிவப்பு விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். குட்டிகள் அதன் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு படுத்திருக்கும்.