எங்கட சாமான் ஒண்டும் இல்லையா?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களை எப்படிக் கழிப்பது என்பது எங்கள் வகுப்பு மாணவியர் எல்லோருக்கும் இருந்த கேள்வி. சிலர் ஆங்கில வகுப்புக்குப் போனார்கள். சிலர் கணினி படித்தார்கள். சிலர் தையலும் கேக் அலங்காரமும் பழகினார்கள். நான் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனேன். பார்ப்பதற்காக அல்ல, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

பாடசாலை மாணவர்களை அங்கே அழைத்து வந்து சித்திரமும் வரலாறும் பழக்கும் ஒரு தொண்டர் குழு, தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய உதவியாளர்களைத் தேடுகிறது என்று எங்கள் சித்திர ஆசிரியை சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் வேலை. சம்பளம் இல்லை. பஸ் காசும் பகல் சாப்பாடும் உண்டு.

எனக்கு ஆசை. ஆனால் வீட்டில் இலகுவாகச் சம்மதம் கிடைக்கவில்லை. வாப்பா ஒன்றும் பேசாமல் இருந்தார். மாமாதான் நேரடியாகக் கேட்டார். "சிலைகளுக்கு நடுவுல ஒரு முஸ்லிம் பொம்புளப் புள்ளைக்கு என்ன வேல?"

அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக எடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் உருவப்படம்கூட இல்லை. மார்க்கத்தைப் பேணும் ஒருவருக்கு அப்படியொரு தயக்கம் வருவது இயல்பு. ஆனால் பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் நிலையைப் பார்த்துச் சிந்திக்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் சொல்வதையும் நான் படித்திருக்கிறேன். வணங்குவதற்காகப் பார்ப்பது வேறு, அறிவதற்காகப் பார்ப்பது வேறு. இதைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்பே உம்மம்மா முந்திக்கொண்டார். "அந்தக் கட்டடத்தக் கட்டினதே எங்கட ஆள்தானே மகன்?"

உம்மம்மா சொன்னது உண்மை. ஆளுநர் சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் உருவாகி, 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்துவைக்கப்பட்டது இந்த நூதனசாலை. கட்டட வரைபடம் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. அதைக் கட்டி முடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். 'வாப்பிச்சி மரிக்கார் பாஸ்' என்று அக்காலத்தில் அழைக்கப்பட்டவர். புறக்கோட்டையில் உள்ள பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதே. முஸ்லிம் பெண்களின் கல்விக்காகப் பாடுபட்ட சேர் ராசிக் பரீத் அவருடைய பேரர்.

திறப்பு விழாவில் "உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டாராம். பட்டமோ பதவியோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று வாப்பிச்சி மரிக்கார் கேட்டதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்று உண்டு. உள்ளே என்னென்ன வைக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கட்டடத்தைச் செம்மையாகக் கட்டினார். தன் ஜும்ஆவையும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் நாள் வாப்பாவே என்னை அழைத்துப்போனார். ஒவ்வொரு கூடமாகச் சுற்றினார். கண்டி மன்னரின் சிம்மாசனத்தின் முன் நெடுநேரம் நின்றார். 1693இல் ஒல்லாந்தர் அன்பளிப்பாகக் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1934இல் திரும்பி வந்தது. வெளியே ஆலமரத்தடிக்கு வந்ததும், "தொழுகைக்கு நேரம் தவறாமப் பாத்துக்கோங்க மகள்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

வேலை நான் நினைத்தது போல இருக்கவில்லை. நிறைய வாசித்துக்கொண்டு போய் விரிவுரை நடத்துவது என்று நினைத்திருந்தேன். எங்களைப் பழக்கிய அக்கா முதல் நாளே சொன்னார், பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வது ஞாபகம் இருக்காது, அவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும் என்று. ஆகவே ஒரு பொருளின் முன் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, ஒரு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு "என்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும். பெயரும் ஆண்டும் கடைசியில்தான்.

இதைச் செய்ய விடாமல் தடுத்தது பிள்ளைகளின் குறிப்புப் புத்தகம்! தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கேட்கலாம் என்ற எண்ணத்தில், கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருக்கும் விளக்க அட்டையை எழுத்து விடாமல் பார்த்து எழுதுவார்கள். எழுதி முடித்ததும் அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். பெட்டிக்குள் இருந்த பொருளைத் தலை நிமிர்ந்து பார்த்திருக்கவே மாட்டார்கள். நாங்கள் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுப்போம். பேனைக்கு அனுமதி இல்லை. மை சிந்தினால் போச்சு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்தது யாப்பகூவவிலிருந்து வந்த கல் ஜன்னல். ஒரே கற்பலகையில் வட்டம் வட்டமாகக் குடைந்து, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஆடுவோரும் அன்னமும் சிங்கமும் செதுக்கியிருக்கிறார்கள். முதலில் வட்டங்களை எண்ணச் சொல்வோம். எண்ணும்போதுதான், வட்டங்கள் ஒன்றையொன்று எப்படித் தொட்டுக்கொண்டு நிற்கின்றன என்பதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள். பிறகு காசு ஒன்றைத் தாளில் வைத்துச் சுற்றி வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் தங்களுக்கு விருப்பமானதை நிரப்பச் சொல்வோம். ஒரு பிள்ளை ஒன்பது வட்டத்திலும் கிரிக்கெட் மட்டையை வரைந்தது. ஒரு பிள்ளை தன் வீட்டிலுள்ள ஆட்களையெல்லாம் வரைந்தது. உருவம் வரையக்கூடாது என்று வீட்டில் பழக்கியிருந்த ஒரு பிள்ளை என் முகத்தையே பார்த்தது. "இலை, பூ, நட்சத்திரம் எது வேணுமெண்டாலும் போடுங்க" என்றேன். அந்தத் தாள்தான் அன்று எல்லாவற்றிலும் அழகாக இருந்தது. பள்ளிவாசல் ஜன்னலைப் போல் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு முஸ்லிம் பாடசாலையிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் என்னை 'அக்கா' என்பார்கள். இவர்கள் 'தாத்தா' என்று கூப்பிட்டபோது வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. பௌத்தச் சிலைகள், பொலன்னறுவையில் கிடைத்த நடராஜர் வெண்கலம், சிம்மாசனம், முகமூடிகள் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தோம். வரிசையில் கடைசியாக வந்த சின்னப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். "தாத்தா, இதுல எங்கட சாமான் ஒண்டும் இல்லையா?"

ஒன்பது வயதுப் பிள்ளை அதைச் சண்டைக்குக் கேட்கவில்லை. கடைக்குப் போய் மிட்டாய் இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு நெஞ்சு பாரமானது. இந்த நாட்டில் எங்களைப் பற்றிப் பெரியவர்கள் எத்தனையோ தடவை எத்தனையோ விதமாகக் கேட்ட கேள்வி அது. "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று வெளியே கேட்கப்படுகிறது. "எங்களுடையது எங்கே?" என்று எங்கள் பிள்ளைகள் உள்ளே கேட்கிறார்கள்.

நான் அவர்களைக் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

சீனப் பேரரசர் யொங்லேயின் காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனாவில் செதுக்கப்பட்டு, கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல் வழியாக இலங்கைக்கு வந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. சீனப் பகுதி புத்த பெருமானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் இருந்த விஷ்ணு கோயிலின் தெய்வமான தென்வரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் இஸ்லாத்தையும் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்த காணிக்கைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. இந்தக் கல் 1911இல் காலியில் ஒரு மதகை மூடிக் கிடந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது.

"மூணு எழுத்து இருக்குது. உங்களுக்குத் தெரிஞ்சது எது?" என்று கேட்டேன். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள். பாரசீகத்தை அரபு எழுத்தில்தான் எழுதுவார்கள் என்று சொன்னதும் அலிபையும் லாமையும் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மூன்றிலும் அதிகமாகத் தேய்ந்து போனது அந்தப் பகுதிதான். ஒரு பையன் ஏமாற்றத்தோடு சொன்னான், "எங்கடதுதான் கூட அழிஞ்சி போயிருக்கு." பக்கத்தில் இருந்தவன் உடனே, "தமிழும் எங்கடதுதானே? நாம பேசுறது தமிழ்தானே?" என்றான்.

அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. தமிழ் எங்கள் மொழி, ஆனால் அந்தத் தமிழ் போற்றுவது இந்துக் கோயிலை. பாரசீகப் பகுதி எங்கள் மார்க்கத்தைப் போற்றுகிறது, ஆனால் அந்த மொழி எங்களுக்குத் தெரியாது. சீன எழுத்து யாருக்கும் தெரியவில்லை, ஆனால் அதைக் கொண்டுவந்த செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அப்படியானால் எது யாருடையது? பிள்ளைகள் தர்க்கம் பண்ணிக்கொண்டே இருந்தார்கள். கேள்வி கேட்ட சின்னப் பெண் கடைசியில் தாளில் மூன்று வகை எழுத்தையும் பார்த்து வரைந்து, கீழே தன் பெயரை எழுதினாள். போகும்போது, இந்தக் கட்டடத்தின் கதையையும் சொன்னேன். அவள் தூணைத் தடவிப் பார்த்தாள். தூணைத் தொடலாம். கண்ணாடிக்குள் இருப்பதைத்தான் தொடக்கூடாது.

அந்தக் கல்லைக் காட்டி, அக்காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே செங் ஹே இங்கே போரிட்டு, ஓர் ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதும் வரலாறு. பெரிய பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே சொன்னோம். பாதி வரலாறு சொன்னால் பிள்ளைகள் மறுபாதியை வேறு யாரிடமாவது பிழையாகக் கேட்டு வருவார்கள்.

அந்த மாதங்கள் முடிந்து நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் சேர்ந்தேன். வரலாறும் சித்திரமும் என் பாடங்கள். வணிகப்பிரிவு எடுத்திருக்கலாமே என்று சொல்பவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மாமா தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் கடந்த நோன்புப் பெருநாளன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்து இருந்தபோது, "அந்தக் கல்லுல என்னதான் எழுதியிருக்கு, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை எழுந்து போகவில்லை.

இதை வாசிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலைக்கும் கடற்கரைக்கும் போகிறோம். நூதனசாலைக்குப் போனால் அரை மணித்தியாலத்தில் படம் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறோம். அடுத்த முறை ஒரே ஒரு பொருளின் முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் இப்படியான வேலைக்குப் போக விரும்பினால், வாப்பா செய்தது போல் ஒருநாள் அவளோடு போய் அந்த இடத்தைப் பாருங்கள். பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

நான் அங்கே இருந்த காலத்தில் தமிழில் விளக்கம் சொல்ல ஆட்கள் போதவில்லை. தமிழ் பேசும் பிள்ளைகள் விளங்காத மொழியில் விளக்கம் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன். "எங்கட சாமான் ஒண்டும் இல்லையா?" என்று இன்னொரு பிள்ளை நாளைக்கும் கேட்கும். அதன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லடிக்கு அழைத்துப்போக எங்களில் சிலராவது அங்கே இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.