ஒற்றை உருளையும் ஊர்த் தெருவும்

ஒற்றை உருளை மோட்டார்ச் சைக்கிளின் சுவையை ஊர்த் தெருக்களிலேயே அறிதல் வேண்டும். நாம் செலுத்துவது 348 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய பி. எஸ். ஏ. பி-31. உருளையின் விட்டம் 71 மில்லிமீற்றர். பிஸ்டனின் வீச்சோ 88. வீச்சு நீண்டதாதலின், இயந்திரம் மெல்லச் சுழலும்போதே இழுவிசை மிகுகின்றது. சங்கானை, மூளாய் வளைவுகளிலே கியரை மாற்றாமலே, நாடித் துடிப்பென ஒவ்வொன்றாய் ஒலிக்கும் முழக்கத்தோடு துள்ளி எழுகின்றது. பொன்னாலைப் பாலத்திலே சோளகக் காற்றுப் பக்கவாட்டில் மோதும். அங்கே கைகளை இறுக்காது வேகத்தைத் தணித்தலே அறிவு. காரைநகர் வரை அத்தெருவில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பள்ளிச் சிறுவர்க்கும் உரிமையுண்டு. வேகத்தாற் பிள்ளைகளை இழந்த வீடுகள் நம் நாட்டிற் சிலவல்ல. இளைய மாணவர்காள், துள்ளும் இயந்திரத்தை அடக்கிச் செலுத்துதலே திறமை. தெருவின் அழகும் அவ்வாறு செல்வோர்க்கே புலப்படும்.