ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். பாடம் நடத்தியவர் ஒரு பட்டறைக்காரர், மாணவன் நான்.

எங்கள் வீட்டு முன்றிலில் 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் மகிழுந்து ஒன்று நிற்கிறது. தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா அதனைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த நாளன்று என்னையும் என் இரும்புப் பெட்டியையும் ஏற்றிச் சென்றது அந்த வண்டிதான். 2017-இல் அப்பா மறைந்தார். அதன் பின் எவரும் அதனை எடுக்கவில்லை. "அப்பா திதிக்கு ஒரு தடவையாவது அந்தக் கார்ல கோயிலுக்குப் போயிட்டு வரணும்பா" என்று அம்மா கேட்டார். அதுவே தொடக்கம்.

நான் அவசரப்பட்டேன். புதிய பேட்டரி வாங்கினேன். அந்த வண்டியில் பேட்டரியின் நேர்முனையைத்தான் உடற்பகுதியோடு இணைக்க வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்தது நல்லவேளையாக நினைவிலிருந்தது. பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். பலமுறை முயன்ற பின் இயந்திரம் உறுமியது. அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு வாயிற்கதவைத் திறக்கப் போனார்.

எங்கள் முன்றில் வாயிலை நோக்கிச் சரிந்திருக்கும். வண்டி நகர்ந்ததும் பிரேக்கை மிதித்தேன். மிதி எவ்விதத் தடையுமின்றித் தரைவரை இறங்கிற்று. மீண்டும் மிதித்தேன், பயனில்லை. கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கம்பியால் பின்சக்கரங்களை இறுக்கும் தனி அமைப்பு அது. வண்டி நின்றபோது அதற்கும் அம்மாவுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள், அப்பாவுக்குப் பழக்கமான பட்டறைப் பெரியவர் வந்து பார்த்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் சொன்னது இதுதான்: "வாத்தியாரே, ஓடுறத அப்புறம் பாப்போம். மொதல்ல நிக்குதான்னு பாருங்க."

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே துருவேறும். ரப்பர் அடைப்புகள் கெடும். மோரிஸ் மைனரில் பிரேக்கின் தலைமை உருளை ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டின் கீழ் மறைந்திருக்கிறது. கசிந்தாலும் கண்ணில் படாது. மேலும், இன்றைய வண்டிகளில் உள்ளதுபோல் இரண்டு தனித்தனிக் குழாய்த் தடங்கள் இதில் கிடையா. ஒரே தடம்தான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். உருளைகள், ரப்பர் குழாய்கள், எண்ணெய் அனைத்தையும் மாற்றினோம்.

அடுத்து அவர் பெட்ரோல் குழாயை நகத்தால் கீறிக் காட்டினார். ரப்பர் பொடியாக உதிர்ந்தது. இந்த இயந்திரத்தில் கார்புரேட்டருக்கு நேர் கீழே புகை வெளியேறும் குழாய் இருக்கிறது. சூடேறிய அதன்மேல் பெட்ரோல் சொட்டினால் என்னவாகும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழாய்களை மாற்றி, பழைய பெட்ரோலைத் திறந்த வெளியில், அருகில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு வடித்தெடுத்தோம்.

டயர்களின் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 0815. அதாவது 2015-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்யப்பட்டவை. உற்றுப் பார்த்தபோது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. அவற்றையும் மாற்றினோம். முன்சக்கரங்களைத் தாங்கும் டிரனியன் என்னும் திருகுமூட்டுகளுக்குக் கிரீஸ் ஏற்றினார். அவை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்து வண்டி சாய்ந்துவிடுமாம். ஜாக்கியை மட்டும் நம்பி அவர் ஒருமுறையும் வண்டிக்கு அடியில் புகவில்லை. தாங்கிகளை வைத்த பின்னரே புகுந்தார்.

எல்லாவற்றுக்கும் இறுதியில்தான் இயந்திரம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்தோம். மறுநாள் முன்புறம் செருகும் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்த்தோம். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது!

அப்போது என் வகுப்பறையும் நினைவுக்கு வந்தது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் நெடுநாள் மூடியிருந்த பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, விட்ட பக்கத்திலிருந்தே நான் பாடத்தைத் தொடங்கினேன். எழுத்துக்கூட்டவே தடுமாறிய பிள்ளைகள் இருந்ததைச் சில வாரங்கள் கழித்தே கண்டேன். பிறகுதான் அவர்களோடு உயிரெழுத்துக்குத் திரும்பினேன். அங்கும் என் குறை அவசரம்தான்.

சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முன் வெறுந்திடலில் நடைவேகத்தில் ஓட்டி, நிறுத்தி, இறங்கிக் கசிவு பார்த்து, மீண்டும் ஓட்டினோம். அப்பாவின் திதியன்று அம்மா முன்னிருக்கையில் அமர்ந்தார். வாயிற்கதவை இம்முறை நானே முன்கூட்டித் திறந்து வைத்திருந்தேன். முன்றிலின் சரிவில் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். வண்டி நின்றது.

"ஏம்பா நிறுத்திட்ட?" என்றார் அம்மா.

"சும்மாம்மா" என்று சொல்லிவிட்டு மெல்ல நகர்த்தினேன்.

உங்கள் இல்லத்திலும் இப்படி ஒரு வண்டி உறங்கிக்கொண்டிருந்தால், சாவியைத் தேடுவதற்கு முன் பிரேக்கைத் தேடுங்கள்.