பெட்டியில் பூட்டிய இரண்டு நூல்கள்

படிக்காமலே தீர்ப்புக் கூறுவோரை நாம் அறிவோம். ஏட்டைத் தொட்டும் பாராமல் ‘இது தகாதது’ என்பர். ஏன் என்று கேட்டால், ‘பெரியோர் சொன்னார்’ என்பர். அவர்களை எள்ளி நகையாடி ஏடு ஏடாக எழுதியிருக்கிறோம். மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம். ஆனால் தோழர்களே, இன்று நாம் கூறப்போவது அவர்கள் கதையன்று. நம் கதை! படிக்காமலே தீர்ப்புக் கூறி, அந்தத் தீர்ப்பால் ஒரு தங்கையை இழந்த கதை.

1980களின் தொடக்கம். நமது ஊரில் ஒரு படிப்பகம். ஓடு வேய்ந்த சிறு வீடு, இரண்டு விசுப்பலகைகள், சுவரிலே தலைவர்களின் படங்கள், மாலையானால் ஏடுகளைச் சுற்றி இளைஞர் கூட்டம். கப்பலில் வேலை பார்த்த தோழர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது, ஒரு பெட்டி நிறைய ஆங்கில நூல்களைக் கொடுத்துச் சென்றார். அவற்றைப் பதிவேட்டில் ஏற்றும் பணியைக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த தங்கை ஒருவர் ஏற்றார். படிப்பகத்தின் முதற் பெண் உறுப்பினர் அவர். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், உரிமை வேண்டும் என்று நாம் முழங்கியதை உண்மையென்று நம்பி வந்தவர்!

ஒரு திங்கள் சென்றது. பதிவேட்டைப் பார்வையிட்ட படிப்பகத் தலைவரின் முகம் சுருங்கிற்று. டி.எச். லாரன்ஸ் எழுதிய ‘லேடி சாட்டர்லியின் காதலன்’. அதற்கெதிரே ‘காதல்’ என்று குறித்திருந்தார் தங்கை. அனாயிஸ் நின் எழுதிய ‘டெல்டா ஆஃப் வீனஸ்’, அதற்கெதிரே ‘காமம்’. தலைவர் சிவப்பு மையெடுத்து இரு சொற்களையும் அடித்தார். இரண்டுக்கும் பொதுவாக ஒரே சொல்லை எழுதினார்: ‘ஆபாசம்’.

“அண்ணா, இரண்டையும் படித்தேன். இவை ஒன்றல்ல, அதனால்தான் வெவ்வேறாகக் குறித்தேன். தாங்களும் படித்துவிட்டுத்தானே அடித்தீர்கள்?” என்று கேட்டார் தங்கை.

தலைவர் நல்லவர். சிறை கண்டவர். சாதி மறுப்புத் திருமணங்கள் பலவற்றை முன்னின்று நடத்தியவர். அவர் சொன்னார்: “படித்துத்தான் தெரிய வேண்டுமா, அம்மா? ஊரறிந்த செய்தியாயிற்றே! நான்கு பெண்கள் வந்து போகும் இடத்தில் இவை இருக்கலாமா?”

தங்கை நம் பக்கம் திரும்பினார். செயலாளர் பொறுப்பு நம்முடையது. பேச வேண்டிய வாய் நம்முடையது. நாம் பதிவேட்டைப் பார்த்தோம், மேசையைப் பார்த்தோம், அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நூல்கள் இரண்டும் இரும்புப் பெட்டிக்குள் சென்றன. சாவி நம் கைக்கு வந்தது. மறுநாள் தங்கை வந்தார், உறுப்பினர் சீட்டை மேசைமேல் வைத்தார், வணங்கினார், சென்றார். பிறகு வரவேயில்லை.

சாவி நம்மிடம் இருந்ததல்லவா? உறுத்தல் தாங்காமல் ஒருநாள் பெட்டியைத் திறந்தோம். அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டையும் படித்து முடித்தோம். முடித்தபோது தெரிந்தது, தங்கை எழுதியதே சரி!

லாரன்ஸின் நாவல் என்ன சொல்கிறது? நிலக்கரிச் சுரங்கத்தின் சொந்தக்காரன், போரிலே அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன் கிளிபர்டு. அவன் மனைவி கான்ஸ்டன்சு. அந்த மாளிகையின் காட்டைக் காவல் காக்கும் தொழிலாளி மெல்லர்ஸ். சீமாட்டிக்கும் வேலையாளுக்கும் இடையே எழும் உறவுதான் கதை. அவர்கள் கூடும் இடங்களை ஆசிரியர் மறைக்கவில்லை; திரை போடவில்லை. ஆனால் ஒவ்வொரு கூடலுக்குப் பின்னும் ஏதோவொன்று மாறுகிறது. அச்சம் குறைகிறது, செருக்கு உடைகிறது, வகுப்பு வேற்றுமை என்ற சுவரிலே ஒரு கல் பெயர்கிறது. முடிவிலே அவள் அவன் குழந்தையைச் சுமக்கிறாள். இருவரும் பிரிந்திருந்து, மணவிலக்குக் கிடைக்கும் நாளை எதிர்நோக்கியிருக்கிறார்கள். நம்பிக்கையிலே முடிகிறது நாவல்.

அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். லாரன்ஸே வெட்டிப் பார்க்க முயன்று, இயலாதென்று கைவிட்டதாக எழுதியிருக்கிறார். 1928இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தம் பொறுப்பில் அதை அச்சிட்ட அவர், 1930இல் மறைந்தார். 1932இல் பிறர் வெட்டிச் சுருக்கிய பதிப்பு இங்கிலாந்தில் வெளிவந்தது. கதை நிகழ்ச்சிகள் அதிலே இருந்தன; ஆனால் அந்த இருவரும் எப்படி நெருங்கினர், ஏன் மாறினர் என்பதற்கான விடை போய்விட்டது.

அனாயிஸ் நின் எழுதியது வேறு வகை. 1940களின் தொடக்கத்தில், நியூயார்க் நகரில், பெயர் தெரிவிக்க விரும்பாத ஒரு செல்வருக்காகப் பக்கத்துக்கு ஒரு டாலர் கூலிக்கு எழுதிய கதைகள் அவை. அவற்றிலே மணமாகுமா, பிரிந்தவர் கூடுவரா என்ற கேள்வியே எழுவதில்லை. ஒரு பெண், அல்லது ஓர் ஆண், தன் வேட்கை யாது என்று அறியப் புறப்படுகிறார். அந்த அறிதலே கதை. அது முடிந்த இடத்தில் கதையும் முடிகிறது. காமத்தை அகற்றினால் கதையே இல்லை. காதல் இல்லாவிடினும் கதை நிற்கிறது.

ஆனால் அதனாலேயே அது குப்பையாகிவிடுமா? கேளுங்கள் தோழர்களே! கூலி கொடுத்த செல்வர் என்ன கட்டளையிட்டார் தெரியுமா? கவிதை வேண்டாம், வருணனை வேண்டாம், செயலை மட்டும் எழுதினால் போதும் என்றார். உணர்ச்சியை உரித்தெடுத்துவிட்டால் காமமும் உயிரற்ற எந்திர வேலையாகிவிடும் என்று சினந்து மறுத்தவர் நின். வெறும் உடலசைவை விற்கும் மஞ்சள் ஏட்டுக்கும் மனித வேட்கையை ஆராயும் காமக் கதைக்கும் உள்ள வேற்றுமை அந்த மறுப்பிலே இருக்கிறது. அவர் மறைந்த 1977ஆம் ஆண்டில்தான் அந்தக் கதைகள் நூலாக வெளிவந்தன.

இந்த வேற்றுமையைச் சொல்ல மேல்நாட்டுச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. முதல், கரு, உரி என்று பொருளை மூன்றாக வகுத்தது தொல்காப்பியம். இடமும் காலமும் முதல், அங்கே வாழும் மரமும் மாவும் மாந்தர் தொழிலும் கரு, அகவொழுக்கமோ உரி. ஒரு பாட்டின் உயிர் அதன் உரிப்பொருளிலே இருக்கிறது. அந்தக் கேள்வியையே நாவலிடமும் கேட்டுப் பாருங்கள்: ‘உன் உரிப்பொருள் எது?’ இருவருக்கிடையே வளரும் உறவு என்று விடை வந்தால், எத்தனை முறை படுக்கையறைக் கதவு திறந்தாலும், அது காதல் நாவல். காமங்கலந்த காதல் நாவல். வேட்கையே உரிப்பொருள் என்று விடை வந்தால், எத்தனை நாகரிகமாக எழுதப்பட்டிருந்தாலும், அது காமக் கதை. அளந்து பார்க்க வேண்டியது கழற்றிய ஆடையின் அளவையன்று. கதையைத் தாங்கும் தூண் எது என்பதை!

கூடல் ஒன்றே காதலாகிவிடாது என்பதும் தமிழன் அறியாததன்று. ஐந்து திணையிலே புணர்தல் ஒன்று. பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் ஏனைய நான்கு. குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். களவுக்கு ஏழு, கற்புக்குப் பதினெட்டு. பிரிவும் காத்திருத்தலும் ஊடலும் பரவிக் கிடப்பது அந்தப் பதினெட்டிலேதான். தடை வேண்டும், தவிப்பு வேண்டும், பிறகு இணைவு வேண்டும் என்ற காதற்கதையின் போக்கு அங்கேயே இருக்கிறது.

மேல்நாட்டு வாணிபம் இதற்குத் தனித்தனிப் பெயர் சூட்டிக்கொண்டது பின்னால். 1908இல் இலண்டனில் தோன்றிய மில்ஸ் அண்டு பூன் நிறுவனத்தின் காதல் நாவல்கள், நெடுங்காலம் படுக்கையறைக் கதவருகிலேயே நின்றுவிட்டன. 1980இல் அமெரிக்காவில் தோன்றிய காதல் நாவலாசிரியர் சங்கம் வகுத்த இலக்கணம் இரண்டே: நடுவிலே காதற்கதை இருக்க வேண்டும், முடிவு மன நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது அந்த இலக்கணத்திலே இல்லை! 2000இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், நம் எல்லோராவை நினைவூட்டும் ‘எல்லோராஸ் கேவ்’ என்ற பெயரில் ஒரு பதிப்பகம் எழுந்தது. காமம் மிகுதி என்று மூத்த பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய எழுத்துகளின் ஆசிரியையே அதைத் தொடங்கினார். மின்னூல்களாக விற்றார், ‘ரொமான்டிகா’ என்று பெயரிட்டார். எழுதியோரிலும் வாங்கியோரிலும் பெரும்பாலோர் பெண்கள். 2016இல் அந்தப் பதிப்பகம் மூடப்பட்டது. அது திறந்துவிட்ட வழி மூடப்படவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1868இல் இங்கிலாந்தின் ‘ஹிக்ளின்’ வழக்கிலே ஓர் அளவுகோல் செய்தார்கள். தீய எண்ணத்துக்கு இடங்கொடுக்கும் உள்ளங்களைக் கெடுக்கும் போக்கு நூலுக்கு உண்டா என்பதே அந்த அளவுகோல். நூலின் உரிப்பொருள் பற்றிக் கேள்வியில்லை. மிகப் பலவீனமான உள்ளம் எது என்று தேடி, அதைக்கொண்டு நூலை அளந்தார்கள். 1959இல் இங்கிலாந்து அந்தச் சட்டத்தை மாற்றி, நூலை முழுமையாக நோக்க வேண்டும், இலக்கியத் தகுதியை எண்ண வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே பெங்குவின் பதிப்பகம் லாரன்ஸின் முழு நூலையும் அச்சிட்டு, கூண்டில் ஏறியது. 1960 நவம்பர் 2ஆம் நாள், ‘குற்றமில்லை’ என்றனர் பன்னிரு நடுவர்கள். ஆனால் அதே நூலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை 1964இல் உறுதி செய்தது நமது உச்சநீதிமன்றம். 1868ஆம் ஆண்டின் அளவுகோலை அது கைவிட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலண்டன் வழக்கிலே ஒரு காட்சி. அரசு வழக்கறிஞர் நடுவர்களை நோக்கி, இந்த நூலைத் தங்கள் மனைவியோ வேலையாட்களோ படிப்பதை விரும்புவார்களா என்று கேட்டார். அந்தப் பன்னிருவரில் மூவர் பெண்கள்! உலகமே நகைத்தது. அந்தச் செய்தியைப் படித்து நாமும் நகைத்தோம். பிறகுதான் நெஞ்சு சுட்டது. ‘நான்கு பெண்கள் வந்து போகும் இடத்தில் இவை இருக்கலாமா?’ என்று நம் படிப்பகத்தில் ஒலித்த கேள்வி வேறென்ன? கறுப்பு அங்கி அணிந்து அவர் கேட்டதை, நாம் இயக்கத் துண்டு அணிந்து கேட்டோம். அவ்வளவே வேற்றுமை! பெண்ணுக்குச் சொத்துரிமை தரலாம், வாக்குரிமை தரலாம். அவளுக்கு வேட்கை உண்டு என்பதையும், அதை அவளே படித்துப் பகுத்தறிவாள் என்பதையும் மட்டும் ஒப்பமாட்டோம் என்றால், நாம் ஒழித்ததாகச் சொல்லிக்கொள்ளும் பழைமை எங்கே ஒழிந்தது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. காதல் என்ற முத்திரை இருப்பதாலேயே நூல் உயர்ந்ததாகாது. 2011இல் வெளிவந்த ‘பிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’யும் அதன் தொடர் நூல்களும் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்றன. இலக்கணப்படி அது காதற்கதையே, முடிவு இன்பமே. ஆயினும் காதலியைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும் அவளை அடக்கி ஆள்வதையும் காதலாகக் காட்டுகிறது என்று பலர் கண்டித்தனர். அவர்களோடு நாமும் உடன்படுகிறோம். அவ்வாறே, காமக் கதை என்ற முத்திரை இருப்பதாலேயே நூல் இழிந்ததும் ஆகாது. வகை வேறு, தகுதி வேறு. வகையை அறிய உரிப்பொருளைக் கேட்க வேண்டும். தகுதியை அறிய வேறொன்றைக் கேட்க வேண்டும்: இந்தக் கதையில் இருவரும் மனிதரா? இருவருக்கும் விருப்பம் உண்டா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டா? ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய மொழி நம்முடையது. நமக்கா இந்தக் கேள்வி புதிது?

இரும்புப் பெட்டி இன்னும் படிப்பகத்தில் இருக்கிறது, பூட்டு இல்லை. தலைவர் மறைந்துவிட்டார். மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, லாரன்ஸின் நாவலை நம்மிடம் வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுக்கையில், “அந்தப் பெண் கேட்டது சரிதானப்பா. படித்துவிட்டு அடித்திருக்க வேண்டும், படித்திருந்தால் அடித்திருக்கமாட்டேன்” என்றார். தம் தவறைத் தாமே சொல்ல அவருக்கு முடிந்தது. அன்று வாய்மூடி நின்ற நமக்கு, இந்தக் கட்டுரையை எழுத இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.

பழைய பதிவேட்டில் சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. மை ஆழ இறங்கிவிட்டது. எனவே அதற்குக் கீழே, தங்கை எழுதிய அதே சொற்களை, அவர் எழுதியவாறே மீண்டும் எழுதி வைத்தோம். ஒன்றுக்கெதிரே ‘காதல்’. மற்றொன்றுக்கெதிரே ‘காமம்’. இரண்டும் அலமாரியிலே இருக்கின்றன. வந்து எடுத்துப் படியுங்கள், தோழர்களே! படித்துவிட்டு எங்கள் குறிப்பு தவறென்று தோன்றினால், அதை அடித்துவிட்டு உங்கள் சொல்லை எழுதுங்கள். படித்த பிறகு!