ஒளிந்துகொள்ள இடமில்லாத வளாகம்

சென்ற மாதம் அண்டை வீட்டு அக்கா தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகளின் கையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கடிதம். இடம் கிடைத்துவிட்டது; ஆனால் அக்காவின் முகத்தில் தெளிவில்லை.

"ரொம்பச் சின்ன யுனிவர்சிட்டியா இருக்கேம்மா. பேரு சொன்னா யாருக்கும் தெரியல. அனுப்பலாமா?" என்றார்.

அந்தச் "சின்ன" என்ற சொல்லை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்ன விதம் எனக்குப் பழக்கமானது. 2011-இல் எங்கள் வீட்டிலும் அதே குரல்தான் கேட்டது.

அப்பா அப்போது குளுவாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். எஸ்.டி.பி.எம். முடித்த எனக்கு, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கேட்ட துறை கிடைக்கவில்லை. கெடாவில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்தது. ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் குளுவாங் ரயில் நிலையக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். 1938-லிருந்து நடக்கும் அந்தக் கடையில்தான் எங்கள் வீட்டின் பெரிய முடிவுகள் எடுக்கப்படும். ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் அப்பா கணக்குப் போட்டார். பி.டி.பி.டி.என். கடன் ஒரு பக்கம். சேமநிதியின் இரண்டாம் கணக்கில் இருக்கும் பணம் ஒரு பக்கம். மீதிக்கு அம்மாவின் சங்கிலி. காப்பி ஆறிப்போகும் வரை ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போய்ட்டு வாம்மா" என்றார். அவ்வளவுதான்.

குளுவாங்கிலிருந்து பீடோங், செமிலிங் வளாகம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். தலைநகரில் பேருந்து மாறி, விடிய விடிய உட்கார்ந்து போய்ச் சேர வேண்டும். எங்கள் ஊர் லம்பாக் மலை 510 மீட்டர். அதையே உலகத்தின் உச்சி என்று நினைத்து வளர்ந்தவள் நான். வளாகத்தின் பின்னால் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை நின்றதைப் பார்த்த முதல் நாள், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

அந்த மலையடிவாரம்தான் புஜாங் பள்ளத்தாக்கு. முதல் பருவத்திலேயே தோழிகளோடு மெர்போக் தொல்பொருள் காட்சியகத்துக்குப் போனேன். இராஜேந்திர சோழனின் கடற்படை 1025-இல் வந்த கடாரத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தேன். பெரிய காடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் துணி காயப்போடும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

எங்கள் வகுப்பில் முப்பது பேர்கூட இல்லை. சிற்றுண்டிச்சாலை அக்காவுக்கு யார் காலையில் சாப்பிடவில்லை என்று தெரியும். நூலகத்தில் நான் உட்காரும் நாற்காலியை மற்றவர்கள் எனக்காக விட்டுவைப்பார்கள். நான் பேசும் ஜொகூர்த் தமிழைக் கேட்டு வடக்கத்திப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டு நான் சிரிப்பேன். மூவாயிரம் பேர் படிக்கும் இடத்தில் இருந்த பள்ளித்தோழி ஒருத்தி, "உனக்குப் போரடிக்கலையா?" என்று கேட்டாள். அப்போது எனக்கும் கொஞ்சம் போரடிக்கத்தான் செய்தது.

இரண்டாம் ஆண்டில் உயிர்வேதியியல் பாடத்தில் தோற்றேன். யாரையும் குறை சொல்ல முடியாது. நான் படிக்கவில்லை, படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்ச்சிக்கு எட்டு மார்க்கு குறைச்சல்.

அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லாதது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குச் சொல்லவில்லை. வகுப்புக்குப் போகவும் இல்லை. மூன்று நாள் அறையிலேயே படுத்துக் கிடந்தேன். படிப்பை விட்டுவிட்டு ஜொகூர் பாருவில் ஏதாவது தொழிற்சாலை வேலைக்குப் போய், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்பாவைப் போலவே ஒரு ரசீதின் பின்பக்கத்தில்தான்.

நான்காம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. அறைத்தோழியோடு விரிவுரையாளர் நின்றார். "உன் நாற்காலி மூணு நாளா காலியா இருக்கு," என்றார். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "முதல்ல அப்பாகிட்ட சொல்லு. அதுக்கப்புறம் படிக்கலாம்," என்றார்.

அழைத்தேன். அப்பா லோரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. சொல்லி முடித்தேன். நெடுநேரம் பேச்சில்லை.

"எத்தன மார்க்கு குறையுது?"

"எட்டுப்பா."

"லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல ஏறுறப்போ வண்டி சில நேரம் திணறும். அதுக்காகக் குலையைக் கொட்டிட்டா வருவாங்க? கியரை மாத்தி ஏத்தணும்மா. சாப்ட்டியா?"

அன்றிரவிலிருந்து வகுப்புத் தோழர்கள் மூவர் முறைபோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுதேர்வில் தேறினேன். ஆனால் அந்தத் தோல்விக்கு விலை இருந்தது. அப்போது முதல் வகுப்பில் தேறியவர்கள் பி.டி.பி.டி.என். கடனைச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்க முடிந்தது. எனக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. இன்று ஓர் உணவுத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மாதாமாதம் சம்பளத்திலிருந்து கடன் கட்டுகிறேன். ஒவ்வொரு மாதமும் அந்த எட்டு மார்க்கு நினைவுக்கு வருகிறது.

அதே சமயம் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மூவாயிரம் பேர் நடுவே என் நாற்காலி காலியாக இருந்திருந்தால் எத்தனை நாளில் தெரிந்திருக்கும்? சின்ன இடத்தில் ஒளிந்துகொள்ள வழியில்லை. இருபது வயதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், நான் பட்டம் வாங்கியதற்கே அதுதான் காரணம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். சின்னதா பெரியதா என்பதைவிட, கேட்க வேண்டிய கேள்விகள் வேறு என்றேன். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? முதல் பருவக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி, மறுதேர்வு எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? கடன் எவ்வளவு, மீதிக்கு என்ன வழி? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நேரில் போய் அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள் என்றேன்.

அக்கா எல்லாவற்றையும் மகளைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அவள் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அக்கா, ஃபெயில் ஆனா என்ன செய்யறது?" என்று மெல்லக் கேட்டாள்.

அவளுடைய அம்மா முகம் சுளித்தார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அன்னைக்கே வீட்டுக்குப் ஃபோன் பண்ணு பாப்பா. மூணு நாள் காத்திருக்காதே."