நிழலிலும் தழைக்கும் பசுமை

கடலூரிலிருந்து வடலூருக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது குறிஞ்சிப்பாடி. மலைநிலத்து மலரின் பெயரைத் தாங்கிச் சமவெளியில் விளங்கும் இவ்வூர், கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகத் தோன்றும் ஜோதியைத் தரிசிக்கக் கடலூர்ப் பக்கத்து அன்பர்கள் இவ்வழியாகவே வடலூர் செல்வர்.

அங்கே 1867இல் தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞான சபையையும் நிறுவிய இராமலிங்க வள்ளலார், பயிர் வாடுவதையும் காணப் பொறாதவர். கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலிய மூலிகைகளின் பெருமையை அன்பர்களுக்கு எடுத்துரைத்தவர்.

வீடுகள் நெருங்கிய தெருக்களில், தென்னையும் அடுத்த வீட்டு மாடியும் புழக்கடையை நிழலால் மூடிவிடுகின்றன. அங்கே நட்ட துளசி வாடினால், தெய்வக் குற்றமோ என்று முதியோர் மனம் கலங்குவதுண்டு. கலங்க வேண்டுவதில்லை, குறை வெயிலில்தான் உள்ளது. துளசியும் மல்லிகையும் நல்ல வெயிலை விரும்புபவை. அவற்றை வாசற்புறத்திற்கோ மாடிக்கோ மாற்றிவிடலாம்.

நிழலிடத்திற்கு உரியவை வேறு. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்ப்பதே கொடிக்கு நிழல் தருவதற்காகத்தான். ஆகவே தென்னையின் அடியில், ஒரு கொம்பைப் பற்றி வெற்றிலை நன்கு படரும். பூஜைத் தாம்பூலத்திற்கும் உதவும். ஈரம் மாறாத மூலையில் வல்லாரை தரையோடு ஓடி, கணுக்கள்தோறும் வேர்விடும். புளியாரையும் அத்தகைய இடத்தில் தானே முளைக்கும். காலையில் சிறிது நேரம் வெயில் விழும் ஓரத்தில் மஞ்சள் கரிசலாங்கண்ணி, தூதுவளை, கற்பூரவல்லி ஆகியவற்றை வைக்கலாம். தூதுவளைக்கு முள் உண்டு. நடைபாதையை விட்டுத் தள்ளி நடுதல் நலம்.

நடுவதற்கு முன் ஒரு நாள் முழுதும் வெயில் எங்கே விழுகிறது, எப்போது விலகுகிறது என்று கவனித்தல் வேண்டும். மட்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்து நடலாம். நிழலில் மண் மெதுவாகவே காயுமாதலால், விரலால் தொட்டுப் பார்த்த பின்னரே நீர் ஊற்றுக. நீர் தேங்கினால் வெற்றிலையின் வேர் அழுகும். சோப்பு கலந்த நீர் அப்பக்கம் பாயலாகாது. கீரையாக உண்ணும் இலைகளை நன்கு கழுவிக்கொள்க. நாள்தோறும் மருந்து உட்கொள்வோர், மூலிகைகளைத் தொடர்ந்து உண்ணும் முன் மருத்துவரைக் கேட்டல் நன்று.

நிழல் தோட்டம் முதியோருக்கே ஏற்றது. உச்சி வெயிலின் சுடுதல் இன்றி, ஒரு முக்காலியில் அமர்ந்தபடியே களை பறிக்கலாம். பூஜைக்கு வேண்டிய வெற்றிலையையும் தம் கையாலேயே கிள்ளலாம்.